ஊசி பழுத்தால் எங்கே பார்ப்பது? நர்சரிப் பைனைப் போன்சாய் ஆக்கும்போது வரும் சிக்கல்கள்

பைன் மரம் தன் நோவைத் தாமதமாகத்தான் காட்டும். துளசிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடும். பைனில் வேர் செத்த பிறகும் ஊசி இலைகள் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். இன்றைக்கு ஊசி பழுப்பதைப் பார்த்துவிட்டு, நேற்று என்ன செய்தோம் என்று யோசித்தால் காரணம் கிடைக்காது. போன மாதம் என்ன செய்தோம், அதற்கு முந்தின மாதம் என்ன செய்தோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

அதனால், சிங்கப்பூரில் நர்சரிப் பைன் வாங்கிப் போன்சாய் பழகுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மரம் வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மண்ணைத் தொட்ட நாள், கம்பி கட்டிய நாள், உரம் வைத்த நாள், இடம் மாற்றிய நாள், தொடர்ந்து மழை பெய்த வாரம். கீழே சொல்கிற பாதிச் சிக்கல்களுக்கு விடை அந்த நோட்டிலேயே இருக்கும்.

உங்கள் மரத்தில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எதற்கும் முன்னால்: அது பைன்தானா?

நர்சரியில் "பைன்" என்ற சீட்டோடு நிற்பதெல்லாம் பைன் அல்ல. சீனப் புத்தாண்டு சமயத்தில் வந்து குவியும், தட்டையான நீள இலை கொண்ட மரம் போடோகார்ப்பஸ். கிறிஸ்துமஸுக்கு வரும், அடுக்கடுக்காகக் கிளை விரித்த மரம் அரோக்கேரியா. இலை செதில் செதிலாகக் கிளையோடு ஒட்டியிருந்தால் ஜூனிப்பர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காற்றுக்கு இரைந்துகொண்டு நிற்பது நம் சவுக்கு.

ஓர் ஊசியைப் பிடித்து அடிவரை விரலை ஓட்டிப் பாருங்கள். பைன் என்றால் இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள், அடியில் ஒரே உறைக்குள்ளிருந்து கொத்தாகக் கிளம்பும். சவுக்கில் ஊசி மாதிரித் தெரிவது இலை அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சவுக்கும் போடோகார்ப்பஸும் மொட்டைக் கட்டையிலிருந்துகூடத் துளிர்க்கும். பைன் பெரும்பாலும் துளிர்க்காது. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் மரம் போய்விடும்.

பைன்தான் என்று உறுதியானால் கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். இரண்டு ஊசி, விறைப்பு, உள்ளங்கையில் குத்துகிறது, நுனி மொட்டு வெள்ளையாக இருக்கிறது என்றால் கறுப்புப் பைன். ஜப்பான், கொரியக் கடலோரத்து மரம். வெப்பத்தையும் உப்புக் காற்றையும் தாங்கும். இங்கே பழகுவதற்கு என் தேர்வு அதுதான். இரண்டே ஊசி, ஆனால் 15 முதல் 25 செ.மீ. வரை நீளம் என்றால் சுமத்ராப் பைன். நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கேயும் இயற்கையாக வளர்கிற ஒரே பைன் இனம் அது. நம் வெயிலுக்குப் பழகிய மரம்தான், ஆனால் அந்த நீள ஊசியைச் சின்ன மரத்துக்கு ஏற்றபடி குறைப்பது கடினம். பெரிய அளவு போன்சாய்க்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று நீள ஊசி என்றால் பெரும்பாலும் கரீபியப் பைன். அதற்கும் இதே கதை. ஐந்து ஊசி, குட்டை, நீலம் கலந்த பச்சை என்றால் ஐந்தூசிப் பைன். பார்க்க மிக அழகாக இருக்கும். மலைநாட்டு மரமான அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் அது ஆண்டுக்கு ஆண்டு மெலியும். அதை வாங்க வேண்டாம்.

## மண் மாற்றி ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மரம் முழுவதும் ஒரே நேரத்தில் பழுப்பாகிறது

அடிக்கடி கேட்கிற குறை இது. கேட்கும்போதே வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அந்த மரம் மண் மாற்றிய வாரத்திலேயே இறந்திருக்கும்; சேதி மட்டும்தான் இப்போது வருகிறது.

உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நுனி மொட்டை இரு விரலுக்கு நடுவே மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் கிளை போய்விட்டது. பிறகு சிறு கிளை, பெரிய கிளை, தண்டின் அடி என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்டின் அடியே காய்ந்து பழுப்பாக இருந்தால் இனி செய்ய ஒன்றுமில்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நர்சரி மண் முழுவதையும் ஒரே மூச்சில் கழுவி எடுத்திருப்பார்கள். ஆலமரக் குடும்பத்துப் போன்சாய்க்கு, அதாவது ஃபைகஸுக்கு, அது பழுதில்லை. பைனின் மென்வேர்கள் மைக்கோரைசா என்ற பூஞ்சையோடு சேர்ந்துதான் தண்ணீரையும் சத்தையும் எடுக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவிவிட்டால், மேலே இருக்கும் அத்தனை ஊசிகளுக்கும் தண்ணீர் அனுப்ப வேரில் ஆளில்லை.

இன்னும் உயிர் இருந்தால்: காலை வெயில் மட்டும் படுகிற, காற்றோடுகிற இடத்தில் வையுங்கள். தண்டு ஆடாதபடி கம்பியால் தொட்டியோடு இழுத்துக் கட்டுங்கள். ஆடினால் புதிதாக விடும் வேர்முனை அறுந்துகொண்டே இருக்கும். ஊசிகள் மேல் தண்ணீர் தெளிக்கலாம், மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. அடைமழையில் விட வேண்டாம். உரம் கிடையாது, கத்தரி கிடையாது. என்ன ஆயிற்று என்று பார்க்க மறுபடி மண்ணைத் தோண்டவும் வேண்டாம். அது இருக்கிற கொஞ்ச நஞ்ச உயிரையும் எடுத்துவிடும்.

## தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊசி பளபளப்பு போய்ச் சாம்பல் பச்சையாகிறது

இதுதான் பைன் தருகிற முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் கவனித்தால் மரத்தைக் காப்பாற்றிவிடலாம்.

நர்சரி மரங்கள் பெரும்பாலும் ஒட்டும் களிமண்ணில் வரும். அந்த மண் இரண்டு விதத்தில் ஏமாற்றும். ஒன்று, நடுக்கட்டி கல்லாக இறுகியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் மேலே நனைத்துத் தொட்டியின் ஓரமாக வழிந்துவிடும், நடுவேர் வறண்டே கிடக்கும். மற்றொன்று, அடிமண் சேறாகவே இருக்கும், காற்றே போகாது, வேர் அழுகும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் வைத்தியம் நேர்மாறு.

ஒரு மரச் சாப்ஸ்டிக்கைத் தண்டுக்கு இரண்டு விரல் தள்ளி, தொட்டியின் அடி வரை இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் எந்த ஆழத்தில் ஈரம், எந்த ஆழத்தில் வறட்சி என்று குச்சியின் நிறமே சொல்லும். முகர்ந்தும் பாருங்கள். காட்டு மண் வாசனை வந்தால் நல்லது. சாக்கடை வாடை வந்தால் அடியில் வேர் அழுகுகிறது.

நடு வறண்டிருந்தால், அதே குச்சியால் கட்டியில் பல இடத்தில் துளை போட்டு, தொட்டியைத் தண்ணீர் நிறைந்த வாளியில் குமிழி நிற்கும்வரை முக்கி எடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு இது போதும். அடி சேறாக இருந்தால், முதலில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சாய்த்து வையுங்கள். சாய்ந்த தொட்டியிலிருந்து தண்ணீர் நன்றாக வடியும். டிசம்பர் மழையில் என் பைன்கள் எல்லாமே இப்படிச் சாய்ந்துதான் நிற்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டினால் முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான். மேல்மண் இறுகித் தண்ணீர் தேங்கினாலும் கொசு முட்டையிடும், அதையும் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

இதெல்லாம் தற்காலிகம்தான். நிரந்தர வழி, களிமண்ணைப் பாதி பாதியாக மாற்றுவது. மரம் தெம்பாகக் குருத்து விடும் நேரமாகப் பார்த்து, மழை குறைந்த வாரத்தில் தொடங்குங்கள். பிப்ரவரிதான் இங்கே பொதுவாக மழை குறைந்த மாதம்.

தொட்டியிலிருந்து எடுத்த வேர்க்கட்டியின் நடுவே மனத்தால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கத்தை மட்டும் தொடுங்கள். மறுபக்கத்து மண்ணை ஒரு பொட்டுக்கூட அசைக்க வேண்டாம். எடுக்கிற பக்கத்தில் குச்சியின் நுனியால் வெளியிலிருந்து தண்டை நோக்கிச் சிறிது சிறிதாகக் களிமண்ணைக் கெல்லுங்கள். இழுத்தால் வேர்ப்பட்டை உரிந்துவிடும்; குத்திக் குத்தித்தான் உதிர்க்க வேண்டும். மண் உதிர உதிர, தடித்த பழைய வேர் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்து வட்டமடித்திருப்பது தெரியும். அது நர்சரித் தொட்டியின் சுவரில் முட்டித் திரும்பிய வேர். அதை வெட்டி, அடியில் இருக்கும் மென்வேர்களை விசிறியாக விரித்து வையுங்கள். வேலை நடக்கும்போதே வேரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், நம் காற்று எவ்வளவு ஈரமானாலும் மென்வேர் நிமிடங்களில் காய்ந்துவிடும்.

காலியான பாதியில் புதுக் கலவையை நிரப்புங்கள். ப்யூமிஸும் லாவாக் கல்லும் (இரண்டும் துளை நிறைந்த எரிமலைக் கற்கள்) பெருமளவு, அகாடமா என்ற ஜப்பானியக் களிமண் குருணை கொஞ்சமாக. எதுவானாலும் சலித்துத் தூளை எடுத்துவிட வேண்டும், 2 மி.மீ.க்குக் கீழே உள்ளதை நான் சேர்ப்பதில்லை. அகாடமா மட்டுமே போட்டால் நம் மழையில் சீக்கிரம் கரைந்து மறுபடி களியாகிவிடும். மறுபாதியை, முதல் பாதியில் வேர் நன்றாகப் பிடித்து மரம் பழைய வேகத்துக்கு வந்த பிறகே தொட வேண்டும். ஓராண்டு பொறுப்பது நல்லது.

அந்த ஓராண்டில் கம்பி கட்டி உருவம் கொடுக்கவும் வேண்டாம். மண் ஒரு வேலை, உருவம் இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பருவத்தில் செய்தால், பிறகு ஊசி பழுத்தால் எதனால் என்று உங்களுக்கே தெரியாது.

## உள்பக்க ஊசிகள் மட்டும் மஞ்சள்

நுனி பச்சையாக, குருத்து விறைப்பாக இருந்தால் கவலை வேண்டாம். பழைய ஊசி தன் காலம் முடிந்து உதிர்கிறது. விரலால் மெல்ல இழுத்தால் சுலபமாக வந்துவிடும். எடுத்துவிடுங்கள், உள்ளே வெளிச்சம் போகும். இந்த ஆண்டு விட்ட ஊசியும் சேர்ந்து மஞ்சளானால் மேலே சொன்ன சாப்ஸ்டிக் சோதனைக்குப் போங்கள்.

## ஊசி நீளமாகி, வலுவில்லாமல் தொங்குகிறது

வெளிச்சம் போதவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பைன் வளர்ப்பவர்களின் தலையாய சிக்கல் இது. தண்ணீர், உரம் என்று எதை மாற்றினாலும் இது தீராது.

பைனுக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அறை சன்னலுக்குள் அது பிழைக்காது. தாழ்வாரத்தில் வைக்கிறவர்கள் வீடு எந்தத் திசை பார்க்கிறது என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒட்டி இருப்பதால், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து ஓடும். மீதி மாதங்கள் தெற்கே. வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் வெயில் எட்டிப் பார்க்கும், டிசம்பரில் ஒரு பொட்டுகூட வராது. தெற்கு பார்த்ததற்கு நேர் எதிர். "ஆறு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம்தான் கெட்டுப்போனது" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, உங்கள் தாழ்வாரம் எந்தப் பக்கம் என்பதுதான். கிழக்கு மேற்கு வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உண்டு. அரைநாள் என்றாலும் உச்சிப்பொழுது இங்கே மதியம் ஒரு மணி வாக்கில்தான் வருகிறது. அந்த நேரத்து வெயில் மேல்தளத்துச் சுவரிலேயே நின்றுவிடும். உங்கள் தொட்டி மேல் உண்மையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பாருங்கள்.

போதவில்லை என்றால் கைப்பிடிச் சுவர் மேல் தொட்டியை ஏற்ற நினைக்காதீர்கள். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் உயிர் போகும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதும் விதி. சமூகத் தோட்டத்தில் ஓர் இடம் கேட்டுப் பாருங்கள். தரைவீட்டு உறவினர் இருந்தால் அவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதும் நல்ல யோசனை. அதுவும் இல்லை என்றால் போடோகார்ப்பஸுக்கு மாறுங்கள். அரை வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். மரத்தை வதைப்பதைவிட வேறு மரம் எடுப்பது மேல்.

இடம் மாற்றினால் ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தள்ள வேண்டாம். நிழலில் விட்ட ஊசி கருகும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஏற்கெனவே நீண்ட ஊசி குறையாது. அடுத்து வரும் குருத்தில்தான் மாற்றம் தெரியும்.

## ஊசியின் நுனி மட்டும் காய்கிறது

மூன்று இடத்தில் தேடுங்கள். முதலில் உரம். மெதுவாகக் கரையும் உரப் பொட்டலத்தில் ஆறு மாதம் வரும் என்று போட்டிருந்தால், அது பொதுவாக 21 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. நம் வெக்கையில் அதைவிட மிக விரைவாகக் கரைந்து உப்பு தேங்கும். பொட்டலம் சொல்வதில் பாதி போடுங்கள். ஏற்கெனவே அதிகம் போட்டிருந்தால் உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தொட்டி வழியாக நிறையத் தண்ணீர் ஓடவிடுங்கள்.

அடுத்தது தொட்டியின் சூடு. மேற்கு வெயிலில், சிமென்ட் தரையில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் வேரும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. கால் வைத்த மேசை மேல் ஏற்றுங்கள், தொட்டியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுங்கள். மூன்றாவது, உயர்ந்த மாடிகளின் காற்று. இருபதாவது மாடியில் மண் காய்கிற வேகம் கீழ்த்தளத்தோடு ஒப்பிட முடியாது.

நுனியிலிருந்து காயாமல், ஊசியின் நடுவில் பட்டை பட்டையாகப் பழுப்பு விழுந்தால் அது பூஞ்சை நோய். பட்ட ஊசிகளை எடுத்துக் குப்பையில் போடுங்கள், தொட்டிக்குள் உதிர விடாதீர்கள். மரங்களுக்கிடையில் இடம் விட்டு, மாலையில் ஊசி நனையாமல் பார்த்துக்கொண்டு, செம்புக் கலவைப் பூஞ்சைக்கொல்லி தெளியுங்கள். அது புதுக் குருத்தைக் காக்கும். பட்ட ஊசி பச்சையாகத் திரும்பாது.

## நுனியில் மட்டும் பச்சை. கிளை முழுவதும் மொட்டை

நர்சரியில் நெருக்கி வைத்து வளர்த்த மரத்துக்கு இது இயல்பு. இங்கேதான் பலர் கத்தரியை எடுத்து மொட்டைப் பகுதியில் வெட்டிவிட்டு, அங்கிருந்து துளிர்க்கும் என்று காத்திருக்கிறார்கள். துளிர்க்காது. பைனில் ஊசி இருக்கும் இடத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டும். ஊசி ஒன்றுகூட விடாமல் வெட்டிய கிளை காய்ந்து போகும்.

வழி மெதுவானது. மரத்தை முழு வெயிலில் வைத்து, உரம் கொடுத்துத் தெம்பேற்றுங்கள். வலுவான நுனிகளை, சில கொத்து ஊசிகளை விட்டுக் குறையுங்கள். வெளிச்சமும் தெம்பும் உள்ளே போனால், இருக்கும் ஊசிக்கொத்துகளின் அடியில் சிறு மொட்டுகள் வரும். கடுகு அளவில் ஒரு வெளிர்ப் புள்ளியாக உறைக்கு நடுவே தெரியும். அதைப் பார்த்த பிறகே அடுத்து வெட்டலாம்.

மொட்டைக் கிளை நீளமாக இருந்து, அதுதான் உருவத்துக்குத் தேவை என்றால், வெட்டுவதற்குப் பதிலாகக் கம்பி கட்டிப் பாம்பு நெளிவாக வளைத்துப் பச்சை நுனியைத் தண்டருகே கொண்டு வரலாம். எனக்கு இது ஒட்டுக் கட்டுவதைவிடப் பிடித்த வழி; வயதான மரத்தின் தோற்றம் தானாக வரும்.

## ஒரே இடத்தில் நாலைந்து கிளை. தண்டு அங்கே வீங்குகிறது

பைன் ஒவ்வொரு வளர்ச்சிக்கும் ஒரு வட்டமாகக் கிளை விடும். எல்லாவற்றையும் விட்டால் அந்த இடம் மேலும் கீழும் உள்ள தண்டைவிடப் பருத்துவிடும், பிறகு சரிசெய்வது மிகக் கடினம். ஒரு வட்டத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிளை போதும். மீதியை ஒரே நாளில் எடுக்காமல் சில மாத இடைவெளியில் எடுங்கள். எடுக்கும் கிளையில் விரல் நீளம் கட்டை விட்டு, பட்டையை உரித்து உலரவிட்டால் ஜின்னாக, அதாவது பட்டுப்போன கிளையாக, நிற்கும். பைன் வெட்டில் பிசின் வழிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மரமே போட்டுக்கொள்ளும் மருந்து அது.

## கம்பி பதிந்துவிட்டது, அல்லது வளைக்கும்போது கிளை வெடித்தது

குளிர்நாட்டு வழிகாட்டிகளில் கம்பியை மாதக்கணக்கில் விடச் சொல்வார்கள். நம் மரம் ஆண்டு முழுவதும் பருக்கிறது, அதனால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பட்டை கம்பியின் இரு பக்கமும் உப்பத் தொடங்கினாலே எடுத்துவிடுங்கள். சுற்றிச் சுற்றிக் கழற்றாதீர்கள். கம்பி வெட்டியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள், கம்பி போனாலும் மொட்டு தப்பும். லேசான தழும்பு பைன் பட்டை தடிக்கும்போது மறையும். கிளை பழைய நிலைக்குத் திரும்பினால், கொஞ்சம் இடம் மாற்றி மறுபடி கட்டுங்கள். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடித்த கம்பி, 45 டிகிரி சாய்வு. அலுமினியம் பழக எளிது.

வெடித்த கிளையை விட்டுவிடாதீர்கள். கிளை கால்வாசி, அரைவாசி விரிந்திருந்தாலும் உடனே கொஞ்சம் பின்னுக்கு விட்டு, பிளவை ஒட்டி மூடி, கட் பேஸ்ட், அதாவது வெட்டுக்காயத்தை மூடும் பசை, பூசி, ஈர ராஃபியா நாரால் இறுக்கிச் சுற்றுங்கள். அந்தக் கிளையை மறுபடி அசைக்காமல் விட்டால் பெரும்பாலும் பிழைக்கும். தடித்த கிளையை வளைப்பதாக இருந்தால் முதலிலேயே நார் சுற்றிவிட்டு, முந்தின நாள் தண்ணீர் குறைத்து, ஒரே இழுப்பில் இல்லாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக வளையுங்கள்.

## வெள்ளைப் பஞ்சு, நரைத்த ஊசி, மண்ணுக்குள் வெள்ளை நூல்

ஊசியின் அடியில் பஞ்சுத் துகளாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக மரமேறினாலும் அதுவோ செதில்பூச்சியோ உள்ளே இருக்கிறது என்று பொருள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, வெயில் தாழ்ந்தபின் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். வாரம் ஒருமுறை, சில வாரங்கள் தொடர வேண்டும்.

ஊசி முழுவதும் நுண்புள்ளிகளாக நரைத்து, தூசி படிந்த தோற்றம் வந்தால் சிலந்திப் பேன். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாள் பிடித்து ஊசிகளைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெல்ல நகரும். அதன்மேல் விரலை இழுத்தால் செம்பழுப்புக் கோடு விழும். மழை படாத தாழ்வாரத்தில்தான் இது பெருகும். ஊசியின் அடிப்பக்கம் நன்றாக நனையத் தண்ணீர் அடிப்பதே பாதி வைத்தியம்.

மண்ணுக்குள், வேரைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து காளான் வாசனை வந்தால், தயவுசெய்து மருந்து ஊற்றாதீர்கள். அதுதான் நான் மேலே சொன்ன மைக்கோரைசா. அது இருந்தால் வேர் நலமாக இருக்கிறது. மண் மாற்றும்போது அதில் ஒரு பிடி எடுத்துப் புது மண்ணிலும் கலந்துவிடுங்கள்.

## தண்டு நேராக மண்ணுக்குள் இறங்குகிறது, வேர் தெரியவில்லை

நர்சரி மரத்தைப் பெரும்பாலும் ஆழமாக நட்டிருப்பார்கள். முன்பக்கம் எது, எந்தக் கிளை வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால், மேல்மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே தண்டு அகன்று வேர் பிரியும் இடம் இருக்கலாம். அதுதான் மரத்தின் உண்மையான அடி. அங்கே தெரிகிற வேர்களைப் பார்த்துத்தான் முன்பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூரோங்கில் சீனத் தோட்டத்துக்குள் 1992ல் அமைத்த போன்சாய்ப் பகுதிக்கு ஒருமுறை போய், மரங்களின் உச்சியைப் பார்க்காமல் அடியை மட்டும் பார்த்து வாருங்கள். நர்சரியில் எந்த மரத்தை எடுப்பது என்ற உங்கள் கண்ணே மாறிவிடும்.

அடி மெலிந்திருந்தால், அடிக்கிளை ஒன்றை வெட்டாமல் தன்போக்கில் நீள விடுங்கள். அது எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதற்குக் கீழே தண்டு பருக்கும். வேண்டிய அளவு வந்ததும் எடுத்துவிடலாம். சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டால் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும், அதனால் அழகுத் தொட்டி கடைசியில்தான்.

## கேண்டில் வெட்டினேன், மறுபடி குருத்து வரவில்லை

கேண்டில் என்பது பைன் நுனியில் நிமிர்ந்து எழும் இளங்குருத்து. அதை அடியோடு வெட்டினால், அந்த இடத்தில் இரண்டாம் தடவையாகச் சிறு குருத்துகள் பல வரும், ஊசியும் குட்டையாகும். கறுப்புப் பைன் போன்ற பைன்களுக்கு உரிய முறை இது. ஜப்பானில் கோடையின் தொடக்கத்தில் செய்து, குளிர் வருவதற்குள் புது ஊசி முற்றும்படி கணக்கு வைப்பார்கள். நமக்குக் குளிர்காலக் கெடு கிடையாது. கெடு மரத்தின் தெம்புதான்.

வராமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மரம் தளர்ந்திருந்ததுதான். வாங்கிய முதல் ஆண்டிலும், மண் மாற்றிய ஆண்டிலும் கேண்டில் வெட்டக் கூடாது. நுனி நுனியாகக் கட்டை விரல் நீளத்துக்கு மேல் குருத்து எழுந்து, ஊசி விறைத்து, பல மாதம் தொடர்ந்து உரம் எடுத்த மரத்துக்கு மட்டும் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல், முதலில் மெலிந்த குருத்துகளையும் பத்து நாள் கழித்து உச்சியிலுள்ள வலுத்தவற்றையும் வெட்டினால், மெலிந்தவை முந்திக்கொண்டு வளர்ந்து மரம் சமமாகும்.

ஏற்கெனவே வெட்டிக் குருத்து வராமல் நிற்கும் மரத்தில், பழைய ஊசிகள் பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. அந்த ஊசிகளில் ஒன்றைக்கூடப் பிடுங்காதீர்கள். முழு வெயில், சரியான தண்ணீர், மிக லேசான உரம். வெட்டிய இடத்தை வாரம் ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மொட்டு வீங்கத் தொடங்கினால் அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, புது ஊசி விரிந்து கரும்பச்சையாகும்வரை வேறு எந்த வேலைக்கும் அந்த மரத்தை எடுக்க வேண்டாம்.